ஒரு கிளாஸ் பானத்தால் பேர் வாங்கிய ஒற்றைக்கால் மனிதர்

1944-ம் ஆண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓக்லண்டு நகரம். எதிரே விரிகுடா, அதைத் தாண்டினால் சான் பிரான்சிஸ்கோ. உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். சுற்றுவட்டாரக் கப்பல் கட்டும் தளங்களில் இரவு பகலாக வேலை நடந்தது.

அந்த ஊரில் ஒரு மரக்கட்டிடத்தில் மதுக்கடையும் சாப்பாட்டுக்கடையும் சேர்ந்து இருந்தன. கடை முதலாளிக்கு ஒரு கால் கட்டைக்கால். அவரே பாருக்குப் பின்னால் நின்று கொண்டு ஒரு புதுப் பானத்தைக் கலந்து பார்த்தார். ஜமைக்கா தீவிலிருந்து வந்த 17 வருஷத்து ரம். அதனுடன் எலுமிச்சைச் சாறு, இன்னும் சில சேர்மானங்கள். குலுக்கி இரண்டு கிளாஸ்களில் ஊற்றி, டாஹிட்டி தீவிலிருந்து வந்திருந்த இரு நண்பர்களிடம் நீட்டினார்.

ஹாம் கில்டு, கேரி கில்டு என்பது அவர்கள் பெயர். கேரி ஒரு வாய் குடித்தார். இதற்கு மிஞ்சியது வேறு கிடையாது என்ற பொருளில் டாஹிட்டி மொழியில் சொன்னார். அந்த மொழியில் ‘மைத்தாயி’ என்றால் நல்லது, உயர்ந்தது. முதலாளி அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். பானத்துக்குப் பெயர் ‘மை டை’ ஆயிற்று. (நம் ஆபீசர்கள் கழுத்தில் கட்டுகிற டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

அந்த முதலாளிதான் விக்டர் பெர்ஜிரான். ‘டிரேடர் விக்’ என்றால் உலகத்துக்கே தெரியும். டிரேடர் என்றால் வியாபாரி.

சர்வரின் மகன்

விக்டர் 1902 டிசம்பர் 10-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தகப்பனார் பிரெஞ்சு பேசும் கனடாக்காரர். பிழைக்க வந்த ஊரில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்தவர். ஓக்லண்டில் ஒரு மளிகைக்கடையும் நடத்தினார்.

சிறு வயதிலேயே காசநோய் பையனின் காலைத் தாக்கியது. காசநோய் நெஞ்சில் மட்டும் வருவதல்ல. எலும்பிலும் மூட்டிலும் வரும். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். உயிரைக் காப்பாற்ற டாக்டர்கள் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 6 வயது.

ஓடி விளையாட வேண்டிய பிள்ளை ஊன்றுகோலுடன் வளர்ந்தான். பெரியவரான பிறகு விக் அதை மறைக்கவில்லை. தொழிலுக்கே அதைப் பயன்படுத்திக்கொண்டார். கடலில் சுறா மீன் கடித்துக்கொண்டு போய்விட்டது என்று வாடிக்கையாளர்களிடம் கதை விடுவார். ஐஸ் உடைக்கும் ஊசியை எடுத்து எல்லோரும் அலறும்படி தன் கட்டைக்காலில் ஓங்கிக் குத்துவார். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

மளிகைக்கடைக்கு எதிரே

அமெரிக்காவில் 1920 முதல் 1933 டிசம்பர் வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய மறு வருஷம், 1934-ல், விக் தன் கடையைத் திறந்தார். பெற்றோரின் மளிகைக்கடைக்கு எதிரே, சான் பாப்லோ அவென்யூவும் 65-வது தெருவும் சந்திக்கும் இடம். சின்ன மரக்கட்டிடம். ‘ஹிங்கி டிங்க்ஸ்’ என்று பெயர். சமையல் கட்டில் மனைவி நின்றார்; பாரில் விக் நின்றார். நாடு பொருளாதார மந்தத்தில் தத்தளித்த காலம். மலிவாகவும் வாய்க்கு ருசியாகவும் கொடுத்தால்தான் பிழைக்க முடியும்.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மது கலக்கப் படிக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. 1930-களின் பிற்பகுதியில் ஊர் ஊராகப் போனார். கியூபாவின் ஹவானா நகரில் ‘ஃப்ளோரிடீட்டா’ என்ற பாரில் கான்ஸ்டன்டீனோ ரிபலாய்குவா என்பவர் எலுமிச்சையையும் ரம்மையும் கையாளும் விதத்தைப் பார்த்தார். ஹாலிவுட்டில் ‘டான் தி பீச்கோம்பர்’ என்ற கடைக்குப் போனார். அங்கே மூங்கிலும் பாயும் வலையுமாகத் தென்கடல் தீவுபோல் அலங்காரம்; பலவகை ரம் கலந்த பானங்கள். அதை நடத்தியவரின் இயற்பெயர் எர்னஸ்ட் கான்ட். பிற்காலத்தில் ‘டீக்கி பார்’ என்று அழைக்கப்பட்ட பாணியைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். டீக்கி என்பது பசிபிக் தீவு மக்கள் மரத்திலும் கல்லிலும் செதுக்கும் உருவம். அவரிடமிருந்து கற்றதை விக் மறைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் கடையின் வேடத்தை மாற்றினார். கடையின் பெயரும் ‘டிரேடர் விக்ஸ்’ என்று மாறியது. காசுக்குப் பதில் பண்டத்தை வாங்கிக்கொண்டு சாப்பாடு போடுவது, எதையாவது கொடுத்து எதையாவது வாங்குவது விக்கின் வழக்கம். அதைப் பார்த்து மனைவிதான் இந்தப் பெயரைச் சொன்னதாகச் சொல்வார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பிரபல பத்திரிகை எழுத்தாளர் ஹெர்ப் கேன், நல்ல சாப்பாடு வேண்டுமானால் விரிகுடாவைத் தாண்டி ஓக்லண்டுக்குப் போகவேண்டும் என்ற பொருளில் எழுதினார். அதன் பிறகு அக்கரைக் கூட்டமும் வந்து சேர்ந்தது.

அந்தக் கிளாஸில் என்ன இருந்தது?

போர்க்காலத்தில் அமெரிக்க வடிசாலைகள் ராணுவத்துக்கான ஆல்கஹால் தயாரிப்பில் இறங்கிவிட்டதால் விஸ்கிக்குத் தட்டுப்பாடு. கரிபியத் தீவுகளிலிருந்து ரம் தாராளமாக வந்தது. விக்கின் சரக்கில் அந்த 17 வருஷத்து ஜமைக்கா ரம் இருந்தது.

கணக்கு இதுதான். ரம் 60 மில்லி. ஒரு முழு எலுமிச்சம்பழத்தின் சாறு. ஆரஞ்சுத் தோலின் வாசனையுள்ள குராசோ என்ற மது 15 மில்லி. பாதாம் சர்பத் 15 மில்லி. கற்கண்டுப் பாகு அதில் பாதி. தூளாக்கிய ஐஸ் போட்டுக் குலுக்கி, பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை உள்ளேயே போட்டு, மேலே ஒரு புதினாக் கொத்து. அவ்வளவுதான்.

மற்ற பார்களில் பத்துச் சேர்மானங்களைக் கொட்டி மதுவின் ருசியை மறைப்பார்கள். விக் செய்தது அதற்கு நேர்மாறு. நல்ல ரம்மின் ருசி முன்னால் நிற்கவேண்டும்; மற்றவை அதற்குத் துணை நிற்கவேண்டும். நல்ல அரிசி கிடைத்தால் குழம்பைக் கொஞ்சமாக ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அந்த மாதிரி.

புகழே வைத்த சோதனை

வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். அங்கேதான் கஷ்டம் தொடங்கியது. 17 வருஷத்து ரம் என்றால், இன்று தீர்ந்தால் நாளைக்குச் செய்ய முடியாது. பதினேழு வருஷம் காத்திருக்கவேண்டும். கையிருப்பு வேகமாகக் கரைந்தது. பிறகு அதே கம்பெனியின் 15 வருஷத்து ரம்முக்கு மாறினார். அதுவும் பற்றவில்லை. மற்ற ஜமைக்கா ரம்களைக் கலந்தார். 1950-களில் பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கின் ரம்மையும் சேர்த்து, பழைய ருசிக்கு எவ்வளவு கிட்டத்தில் வரமுடியுமோ அவ்வளவு வரப் பாடுபட்டார்.

புதிதாக ஒன்றைச் செய்து ஒருநாள் பாராட்டு வாங்குவது ஒரு வேலை. மூலப்பொருள் தீர்ந்த பிறகும், நேற்று வந்தவர் இன்று வந்தால் குறை சொல்லாதபடி செய்வது அதைவிடப் பெரிய வேலை. விக்கின் கெட்டிக்காரத்தனம் இந்த இரண்டாவது வேலையில்தான் தெரிந்தது. அந்தப் பழைய 17 வருஷத்து ரம் பிற்காலத்தில் அபூர்வச் சரக்காகிவிட்டது. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு ஓட்டல் அதை ஊற்றிக் கலந்த ஒரே ஒரு கிளாஸுக்கு 750 பவுன் விலை வைத்தது!

பருவத்துக்கு ஏற்ற பானமும் அவர் கடையில் உண்டு. குளிர்காலத்தில் வெண்ணெய், சர்க்கரை, வாசனைச் சாமான்கள் சேர்த்த சூடான ரம். அதற்கான வெண்ணெய்க் கலவையைப் பின்னால் அவர் கம்பெனி டப்பாவில் அடைத்தே விற்றது.

ஹவாய்க்குப் போன கதை

1953-ல் மேட்சன் கப்பல் கம்பெனி ஹவாய் தீவில் உள்ள தன் ஓட்டல்களுக்குப் பானங்கள் வகுத்துக் கொடுக்க விக்கை அழைத்தது. மை டை அங்கே போயிற்று. உல்லாசப் பயணிகள் விழுந்தடித்துக்கொண்டு குடித்தார்கள். ஹவாய் அன்னாசி விளைகிற ஊர் அல்லவா? அங்குள்ளவர்கள் அன்னாசிச் சாற்றையும் ஊற்றத் தொடங்கினார்கள். அந்தப் பானம் ஹவாயிலேயே பிறந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். விக்கின் கணக்கில் அன்னாசி கிடையவே கிடையாது.

பிறகு வழக்கும் வந்தது. மை டை தன்னுடைய பழைய பானம் ஒன்றிலிருந்து வந்தது என்பது டான் தரப்பு வாதம். டானின் பெயரில் பாட்டில் சரக்கு விற்ற ஒரு கம்பெனி அப்படியே விளம்பரம் செய்தது. விக் கோர்ட்டுக்குப் போனார். 1970-ல் விஷயம் கோர்ட்டுக்கு வெளியே அவருக்குச் சாதகமாக முடிந்தது. பணத்தைவிட, தன் கைவேலைக்குத் தன் பெயர் இருக்கவேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

இந்த இடத்தில் இன்னும் சிலரை நினைக்கவேண்டும். டானின் கடையில் பாருக்குப் பின்னால் நின்றவர்களில் பலர் பிலிப்பைன்ஸிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ரகசியம் வெளியே போகாதிருக்க, சேர்மானப் பாட்டில்களில் பெயருக்குப் பதில் குறியீடுகளே ஒட்டியிருக்கும். கலக்குகிறவனுக்கே தான் எதைக் கலக்குகிறோம் என்று தெரியாது. அவர்கள் குலுக்கிக் கொடுத்த பானங்களுக்குப் பெயரும் புகழும் முதலாளிக்குப் போயிற்று. அவர்களில் ஒருவரான ரே புஹென் 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘டீக்கி டீ’ என்று சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்து நிமிர்ந்து நின்றார். ஊர் விட்டு ஊர் வந்து, அடுத்தவர் பெயர்ப்பலகைக்குக் கீழே உழைக்கிற நமக்கு அந்த மனிதரின் சந்தோஷம் புரியும்.

ராணியும் ரங்கூனும்

விக்கின் கடைகள் பெருகின. 1951-ல் சான் பிரான்சிஸ்கோவில் திறந்தார். ஹில்டன் ஓட்டல்காரர்களுடன் சேர்ந்து பெவர்லி ஹில்ஸ், சிகாகோ, நியூயார்க், 1963-ல் லண்டன் என்று கிளைகள் போயின. 1983 மார்ச்சில் இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ராணி கலிபோர்னியா வந்தபோது சான் பிரான்சிஸ்கோ கிளையில் விருந்து சாப்பிட்டார்.

விக்கின் கடையில் ‘கிராப் ரங்கூன்’ என்று ஒரு பலகாரம் பிரபலம். ரங்கூன் என்றதும் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தார் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நண்டு, பாலாடைக்கட்டி இரண்டையும் மாவில் மடித்துப் பொரித்த அமெரிக்கப் பலகாரம் அது. பெயரில் மட்டுமே ரங்கூன். கடையில் இருந்த தீவும் அப்படித்தான்: தட்டியும் தடுக்கும் கட்டி உண்டாக்கிய தீவு. பசிபிக் மக்கள் வணங்கிய உருவங்களைக் குடிக்கிற கோப்பையாக்கிவிட்டார்களே என்ற மனக்குறை அந்த மக்களில் சிலருக்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு.

பானத்தைப் பற்றி எழுதுவதால் குடியைப் புகழ்வதாக யாரும் எண்ணவேண்டாம். சம்பள நாளன்று வீட்டுக்கு வராத பணத்தின் வலி நம் குடியிருப்புகளில் தெரியாதவர் இல்லை. இங்கே சொல்ல வந்தது ஒரு தொழிலாளியின் கைப்பக்குவத்தைப் பற்றி.

கடைசிக் காலம்

வயதான பிறகு விக் ஓவியம் வரைந்தார், சிற்பம் செய்தார். தன் கதையைத் தானே எழுதி 1973-ல் புத்தகமாக வெளியிட்டார். 1984 அக்டோபர் 11-ம் தேதி கலிபோர்னியாவின் ஹில்ஸ்பரோவில் காலமானார். வயது 81.

அவர் காலத்திலேயே அந்த நாகரிகம் மங்கத் தொடங்கியிருந்தது. நியூயார்க் பிளாசா ஓட்டலை வாங்கிய டொனால்டு டிரம்ப் (பின்னாளில் ஜனாதிபதி ஆனவரேதான்) அங்கிருந்த டிரேடர் விக்ஸ் கிளையை மூடப்போவதாக 1989-ல் அறிவித்தார். ஆனால் 1990-களுக்குப் பிறகு ஜெஃப் பெர்ரி போன்றவர்கள் பழைய பார் ஊழியர்களைத் தேடிப்பிடித்து, மறைந்துபோன கணக்குகளை மீட்டு எழுதினார்கள். டீக்கி பார்கள் மறுபடி தலையெடுத்தன. மை டையும் அன்னாசி இல்லாமல் பழையபடி திரும்பி வந்தது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 30-ம் தேதி அமெரிக்காவில் மை டை நாள் கொண்டாடுகிறார்கள். கிளாஸைத் தூக்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஓக்லண்டு மளிகைக்கடைக்காரரின் ஒற்றைக்கால் மகனைத் தெரியாது. டாஹிட்டியிலிருந்து வந்து ஒரு வாய் குடித்த கேரியையும் தெரியாது. ஆனால் பார்க்காரரிடம் அந்தப் பானத்தைக் கேட்கும்போது, அன்று கேரி சொன்ன அதே சொல்லைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.