கணக்காளர் நாயகத்தின் தியான அறை

தியானம் பழக எவ்வளவு காசு வேண்டும்? இந்தக் கேள்வி இப்போது எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. நித்திரை வராத தாய்மார், பொழுதுபட்டால் பழைய செல் சத்தம் காதில் கேட்கும் தகப்பன்மார், இரண்டு வேலை செய்து களைத்த இளம் குடும்பத்தினர் என்று பலர் மன அமைதி தேடுகிறார்கள். நான் கணக்குப் பார்க்கும் சில குடும்பங்களின் செலவுத் தாள்களில் தியான வகுப்புக் கட்டணம் வாடகைக்கு அடுத்த வரியில் நிற்கிறது. முதல் நிலைக்கு ஒரு கட்டணம், இரண்டாம் நிலைக்கு அதைவிடக் கூட, சான்றிதழுக்கு வேறாக. காசு கட்டாமல் கற்றால் பலன் இராது என்றும் சிலர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியோடு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்கலாம். அவர் துறவி அல்லர். என்னைப் போல ஒரு கணக்காளர். பர்மாவின் ஊ பா கின்.

1899 மார்ச் 6ஆம் திகதி ரங்கூனில் ஓர் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். 1917இல் பள்ளி இறுதிப் பரீட்சையில் தங்கப் பதக்கமும் கல்லூரிக்கான புலமைப்பரிசிலும் பெற்றார். ஆனால் குடும்பத்துக்கு உழைப்பு வேண்டியிருந்தது. கல்லூரியைக் கைவிட்டு முதலில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தார். பிறகு கணக்காளர் நாயகம் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே உயர்ந்த கதிரைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரும் இந்தியரும்தான். பர்மியர் மிகக் குறைவு. 1926இல் கணக்குச் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்து படிப்படியாக மேலே வந்தார். வறுமையால் பட்டம் தவறிப் பரீட்சை எழுதி முன்னேறியவர்கள் எங்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாதையின் களைப்பு அவர்களுக்குத் தெரியும்.

1937 சனவரியில் அவருடைய வாழ்க்கை திரும்பியது. சாயா தெஜி என்பவரிடம் தியானம் பயின்ற ஒருவர் அவரைச் சந்தித்து, மூச்சைக் கவனிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். செய்து பார்த்ததில் மனம் ஒன்றுபட்டது. முழுமையாகப் பழக வேண்டும் என்று ஒரு கிழமைக்குள்ளேயே சாயா தெஜியின் கிராமத்துக்குப் புறப்பட்டுவிட்டார். பத்து நாட்கள் அங்கே தங்கினார். திரும்பி வந்தபோது மேசையில் ஒரு கடித உறை இருந்ததாம். வேலை போய்விட்டது என்று பயந்தபடியே பிரித்தால், உள்ளே இருந்தது பதவி உயர்வு. பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட அந்த ஆண்டில் புதிதாக அமைந்த கணக்காய்வு அலுவலகத்தில் அவருக்கு ஒரு மேற்பார்வையாளர் பதவி கிடைத்திருந்தது.

அவருக்குக் கற்றுக்கொடுத்த சாயா தெஜி யார் என்பதும் முக்கியம். ரங்கூனுக்கு ஆற்றின் மறுகரையில் இருந்த ஒரு நெல் விவசாயி. சிறுவயதில் தகப்பனை இழந்தவர். படகு வலித்தும் நெல் அளந்தும் பிழைத்தவர். 1903இல் பரவிய வாந்திபேதியில் தன் மகனையும் மகளையும் பறிகொடுத்தார். அந்தத் துயரோடு வீட்டை விட்டுப் புறப்பட்டு, புகழ்பெற்ற பிக்குவான லெடி சயாதோவிடம் போய்ப் பல ஆண்டுகள் பயின்றார். திரும்பி வந்து, துறவு பூணாத குடும்பஸ்தராகவே ஊரவர்களுக்குக் கற்பித்தார். பட்டமும் இல்லை, சான்றிதழும் இல்லை. பிள்ளைகளைப் புதைத்த கையால்தான் அவர் மற்றவர்களுக்கு வழி காட்டினார். எங்களில் எத்தனை பேருக்கு இந்த வரி நெருக்கமானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

1941இல் ஊ பா கின் ரயில்வே கணக்குகளைப் பரிசோதிக்க வட பர்மாப் பக்கம் போனார். அப்போது வெபு சயாதோ என்ற பெரிய துறவியைச் சந்தித்தார். நீ மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அவர் பணித்தார். அதைக் கேட்டு, ரயில் நிலையத்தில் நின்ற தன் பெட்டிக்குள்ளேயே நிலைய ஊழியர் ஒருவருக்கு முதல் பாடம் சொன்னார் ஊ பா கின். ஆனால் முறையாகக் கற்பிக்கத் தொடங்க அவர் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அந்தக் காலமெல்லாம் தன் பயிற்சியில்தான் செலவிட்டார். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு அடுத்த மாதமே ஆசிரியராகும் இன்றைய அவசரத்தோடு இதை வைத்துப் பாருங்கள்.

1948 சனவரி 4ஆம் திகதி பர்மா சுதந்திரம் பெற்றது. அன்றே அவர் நாட்டின் முதல் பர்மியக் கணக்காளர் நாயகம் ஆனார். 1950இல் தன் அலுவலகத்திலேயே ஒரு தியானச் சங்கத்தை அமைத்து, ஊழியர்களுக்குக் கற்பித்தார். 1952இல் ரங்கூனில் இன்யா ஏரிக்குக் கிட்ட சர்வதேசத் தியான நிலையம் உருவானது. நடுவில் ஒரு சிறிய மண்டபம், அதைச் சுற்றி எட்டுச் சிறு அறைகள், மேலே பொன்நிறக் கோபுரம். பெரிய மாளிகை அல்ல.

கற்பித்தல் அவருடைய பிழைப்பு அல்ல. பகலில் அரச வேலை, காலையும் மாலையும் தியான நிலையம் என்று வாழ்ந்தார். ஓய்வு வயது வந்தபிறகும் அரசாங்கம் அவரை விடவில்லை. ஒரே நேரத்தில் மூன்று நான்கு திணைக்களங்களின் பொறுப்பைச் சுமந்த காலமும் உண்டு. 1967வரை அரச சேவையில் இருந்தார். கண்டிப்பானவர், கோபக்காரர் என்றும் பேர் எடுத்தவர்.

1955இல் மண்டலேயில் பிறந்த இந்திய வம்சாவளி வணிகர் ஒருவர் தீராத ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் வந்தார். தலைவலி மாற்றுவதற்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம் என்று முதலில் ஊ பா கின் மறுத்தார். அந்த வணிகர்தான் பின்னாளில் உலகறிந்த எஸ். என். கோயன்கா. கட்டணம் வாங்கும் ஆசிரியர் எவரும், பணக்கார வாடிக்கையாளர் ஒருவரை இப்படித் திருப்பி அனுப்பப் பார்ப்பாரா என்று யோசியுங்கள். 1969இல் கோயன்கா இந்தியா போய்க் கற்பிக்கத் தொடங்கினார். ஊ பா கின் 1971 சனவரி 19ஆம் திகதி காலமானார்.

இன்று அந்த வழியில் வந்த நிலையங்கள் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா என்று நாங்கள் வாழும் நாடுகளிலெல்லாம் உண்டு. பத்து நாள் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடும் படுக்கையும் சேர்த்துத்தான். முன்பு பயிற்சி முடித்தவர்கள் விரும்பிக் கொடுக்கும் காசில் அடுத்தவர் இருந்து படிக்கிறார். கணக்காளனாகச் சொன்னால் இது இலவசம் அல்ல. அரிசிக்கும் மின்சாரத்துக்கும் யாரோ கொடுக்கிறார்கள். ஆனால் கொடுப்பவர் பலன் கண்ட பிறகு கொடுக்கிறார். எங்கள் கோயில் திருவிழாவில் ஒருவரின் உபயத்தில் ஊரே சாப்பிடுகிற கணக்கு இதுதான். செலவு என்பது வேறு, விலை என்பது வேறு. மண்டப வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காசு கேட்பது நியாயம். கற்பிப்பதையே முழுநேரத் தொழிலாகச் செய்பவரும் சாப்பிட வேண்டும். கட்டணம் கூடக்கூட ஞானமும் கூடும் என்று விற்பதுதான் பிழை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பயிற்சியே தேவையில்லை, புத்தகத்தைப் பார்த்துச் செய்யலாம் என்பதற்கு ஊ பா கின்னின் வாழ்க்கை சாட்சி ஆகாது. அவர் ஆசிரியரிடம் போனார், பத்து நாள் அடங்கி இருந்தார், பல ஆண்டுகள் உழைத்தார். அவர் கொடுத்தது நேரமும் ஒழுக்கமும். மணித்தியாலச் சம்பளத்தில் வாழும் ஒரு தாய்க்குப் பத்து நாள் லீவு என்பதே பெரிய விலை என்பதையும் மறக்கக்கூடாது. அதைவிட முக்கியமானது, போரில் கண்டதையும் பட்டதையும் உள்ளே அடக்கி வைத்திருப்பவர்கள் பல நாள் மௌனத்தில் திடீரென்று இருந்தால் அது மேலெழுந்து வதைக்கலாம். அந்த நிலையங்களே விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பது அதனால்தான். அப்படியானவர்கள் முதலில் வைத்தியரிடம் பேச வேண்டும். கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் பொருந்தும் என்று ஆகிவிடாது.

இன்னொரு தயக்கமும் எங்களுக்கு உண்டு. பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களில் பலருக்கு நினைவில் வருவது அரச மரத்தடியில் முளைத்த சிலைகளும் அதற்குக் காவல் நின்ற துவக்குகளும்தான். அந்தக் காயம் உண்மையானது. அதை மறக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ஒரு நெல் விவசாயியும் ஒரு கணக்காளரும் கைமாற்றிய மூச்சுப் பயிற்சி எந்த அரசின் சொத்தும் அல்ல. வேண்டாம் என்றால் எங்கள் சைவ மரபிலும் மூச்சைக் கவனித்து இருக்கும் வழி உண்டு, அதற்கும் கட்டணம் இல்லை.

அடுத்த முறை யாரும் விலைப்பட்டியலோடு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் காசு எதற்குப் போகிறது? கற்பிப்பவர் எத்தனை ஆண்டு, யாரிடம் பயின்றார்? காசு இல்லாதவர் வந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் கட்டணம் கட்டியும் படிக்கலாம். மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் காசுப்பையை மூடிவிடுங்கள்.