இடக்கையில் பிறந்த இசை

பத்தாம் வகுப்பு மாணவியர்

திருத்தணியில் பள்ளி மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதுவது டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றித்தான். இம்மண்ணில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்தவர் ஆயிற்றே! நாங்களும் அவரைப் பற்றித்தான் தொடங்கினோம். இரண்டு பக்கம் எழுதியும் முடித்தோம். ஆனால் பேண்டு வாத்தியக் குழுவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களை வேறொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இடக்கைக்காரி. சிறு வயதில் வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில் படித்தபோது இடக்கையால் எழுதியதற்காக விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கியவள். அவளுக்குப் பேண்டில் சைடு டிரம் வாசிக்க ஆசை. எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத் தாளம் நன்றாக வரும். ஆனால் டிரம்மை எல்லோரும் இடது பக்கமாகத் தொங்கவிட, அவள் வலது பக்கமாகத் தொங்கவிட்டாள். அணிவகுப்பில் அடுத்து நிற்பவளின் மீது டிரம் இடித்தது. வரிசை அழகாக இல்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவள் குச்சிகளை மேசைமீது வைத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை எங்களில் ஒருத்தி இதைத் தன் தாத்தாவிடம் சொன்னாள். கச்சேரி கேட்பதிலேயே ஆயுளைக் கழித்த தாத்தா அவர். கேட்டுவிட்டுச் சிரித்தாராம். பழனி சுப்பிரமணிய பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டாராம். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஐந்தாறு பேர் அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டோம். அதன் பிறகு ராதாகிருஷ்ணன் கட்டுரையை மடித்து வைத்துவிட்டோம். அந்த மேதை எங்களை மன்னிப்பாராக!

பழனி சுப்பிரமணிய பிள்ளை 1908ஆம் ஆண்டு பிறந்தார். அவர் ஊரும் முருகன் மலை, எங்கள் ஊரும் முருகன் மலை. இரண்டும் ஆறுபடை வீடுகளுள் சேர்ந்தவை. அவருடைய தந்தையார் பழனி முத்தையா பிள்ளை பெரிய லய வித்துவான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். மான்பூண்டியா பிள்ளையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விளக்கு ஏந்தும் வேலையில் இருந்த எளிய மனிதர் அவர். பஜனையிலும் தெருவிலும் ஒலித்த கஞ்சிரா என்னும் சிறு கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் அவர்தான். சிறிய மரவளையம், ஒரு பக்கம் தோல், ஓரத்தில் சலங்கை போன்ற சிறு உலோகத் தகடு. இதைக்கொண்டு கடினமான கணக்குகளை வாசித்துக் காட்டிப் பெரிய வித்துவான்களைத் திகைக்க வைத்தார். அவர் வழியில் வந்தவர்களைப் புதுக்கோட்டைப் பரம்பரை என்பார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மிருதங்கம் தானே வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சிறுவன் சுப்பிரமணியம் இடக்கைக்காரன். இடக்கைக்காரனுக்கு மேடையில் இடம் கிடைக்காது என்று தந்தையாரே அஞ்சித் தொடக்கத்தில் அவனை ஊக்குவிக்கவில்லை என்று சொல்வார்கள். மகன்மீது அன்பு இல்லாமல் அல்ல. ஊர் வழக்கம் அவருக்குத் தெரியும்.

அந்த வழக்கம் என்ன என்பதை மிருதங்கம் பற்றித் தெரியாத தோழியருக்குச் சொல்கிறோம். மிருதங்கம் பலாமரத்தைக் குடைந்து செய்வது. அதற்கு இரண்டு முகம். கருஞ்சாந்து பூசிய முகத்துக்கு வலந்தலை என்று பெயர்; வலக்கையால் வாசிப்பது. மற்ற முகம் இடந்தலை, தொப்பி என்றும் சொல்வார்கள். கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பெயரிலேயே வலம், இடம் என்று எழுதி வைத்துவிட்ட வாத்தியம் இது! சுப்பிரமணிய பிள்ளையோ வலந்தலையை இடக்கையாலும், இடந்தலையை வலக்கையாலும் வாசித்தார்.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நாங்களும் கேட்டோம். தாத்தா தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மேடை வரைந்து காட்டினார். பாடகர் நடுவில். அவருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும், நாதம் நேரே மக்களிடம் போகும். இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்க்கும். ஆகவே அவர் எதிர்ப்புறம் உட்கார வேண்டும். வயலின் வித்துவான் தமக்குப் பழகிய இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குச் சில வித்துவான்கள் ஒப்பவில்லை. ஓர் ஆசனம் மாறுவதற்காகத் திறமையுள்ள ஒருவரைக் கச்சேரிக்கே அழைக்காமல் விட்டார்கள். பேண்டு வரிசை அழகைப் பற்றி முணுமுணுத்தவர்களுள் எங்களில் இருவர் உண்டு. அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து அவர்கள் ஒன்றும் பேசவில்லை.

இந்த நிலையில் அவருக்குத் துணை நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். வெண்கலக் குரலுக்குப் பேர்போனவர். இளைஞர்களைக் கைதூக்கி விடுவதில் அவருக்கு நிகர் இல்லை. தம் கச்சேரிகளில் இந்த இடக்கை இளைஞரை அமர்த்திக்கொண்டார். இடம் மாறுவதைப் பெரிய பாடகர் ஒருவரே பொருட்படுத்தாதபோது மற்றவர்கள் எவ்வளவு நாள்தான் பிடிவாதம் பிடிக்க முடியும்? மெல்ல மெல்ல எதிர்ப்பு கரைந்தது. ஜி. என். பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள், மதுரை மணி ஐயர் ஆகியோரின் கச்சேரிகளில் அவர் வாசித்தார். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, இராமநாதபுரம் முருகபூபதி ஆகிய மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

பிள்ளை அவர்கள் நன்றாகப் பாடவும் கூடியவர். மேடையில் பாடகராக அமரவில்லையே தவிர, பாட்டு அவருக்குள் எப்போதும் இருந்தது. இதை நாங்கள் முதலில் நம்பவில்லை. மேளம் அடிப்பவருக்குப் பாட்டு எதற்கு என்று நினைத்தோம். ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் புரிந்தது. பாடகர் ஒரு சொல்லை நீட்டினால் மிருதங்கமும் காத்திருக்கிறது. பாட்டின் அடி எங்கே முடியும் என்று அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. சில இடங்களில் வாசிப்பே இல்லை, மௌனம். மறுகணம் தொப்பியிலிருந்து கும்மென்று ஒரு நாதம் எழுந்து வளைந்து அடங்குகிறது. இதைக் கும்கி என்பார்கள். தோல்மீது உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தித் தேய்த்து எழுப்புவது. மற்றவர்கள் இடக்கையால் செய்யும் இதை அவர் வலக்கையால் செய்தார். புறா குமுறுவதுபோல் இருந்தது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். கோயில் மணி ஓய்ந்த பிறகு கேட்கும் ஒலி போல் என்றாள் இன்னொருத்தி. எது சரி என்று இன்னும் முடிவாகவில்லை.

மேல்நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு என்று பிறகு அறிந்தோம். இங்கிலாந்தின் ஜெனிசிஸ் என்னும் ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ் இடக்கைக்காரர். 1975இல் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியபின் இவரே பாடகரும் ஆகி உலகப் புகழ் பெற்றார். டிரம்ஸ் செட்டை இடக்கைக்கு ஏற்றபடி திருப்பி அடுக்கிக்கொண்டால் போதும், யாரும் யாருடைய இடத்தையும் விட வேண்டியதில்லை. அந்த வகையில் அவர் பாடு எளிது.

சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவிலும் வல்லவர். மான்பூண்டியா பிள்ளையின் மாணவரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936இல் மறைந்தார். அதன்பின் கஞ்சிராவுக்கு ஆள் இல்லையே என்ற குறையைத் தீர்த்தவர் இவர். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம், இவர் கஞ்சிரா என்று அமர்ந்த கச்சேரிகளைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. ரசிகர்கள் இருவரையும் போட்டியாளர்களாக்கிக் கட்சி கட்டிப் பேசினார்கள். மேடையிலோ ஒருவர் வாசிக்க மற்றவர் பதில் சொல்லத் தனி ஆவர்த்தனம் உரையாடல்போல் நடக்கும்.

பிள்ளை அவர்கள் 1962இல் தமது 54ஆம் வயதில் காலமானார். சென்னை மியூசிக் அகாதெமி முதன்முதலாக ஒரு மிருதங்க வித்துவானுக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதுவரை அந்தப் பட்டம் தாள வாத்தியக்காரர் எவரையும் எட்டவில்லை. பிள்ளை அவர்கள் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கக் கூடாதா என்று எங்களுக்குத் தோன்றியது.

அவர் வாசிப்பு கடல் கடந்து போயிற்று. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர் டி. ரங்கநாதன் இவரிடம் பயின்றவர். 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். இன்னொரு மாணவர் திருச்சி சங்கரன். 13 வயதில் ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் குருவோடு சேர்ந்து அமர்ந்து அரங்கேறியவர். 1971இல் கனடா சென்று டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 2011இல் அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. குருவுக்கு வராதது மாணவருக்கு வந்தது. சங்கரன் வலக்கைக்காரர்! இடக்கையால் வாசிக்கும் குருவுக்கு எதிரே உட்கார்ந்து கற்றால் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் கைகள் நேருக்கு நேர் பொருந்தியிருக்கும் அல்லவா? இது எங்கள் ஊகம்தான்.

இவ்வளவையும் நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து எங்கள் தோழிக்குப் படித்துக் காட்டினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், நீதித் தலைவர்கள் நூலில் வரும் எழுநூறு இடக்கைக் கவண் வீரர்களைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேண்டு சிஸ்டரிடம் போய் நாங்களே பேசினோம். சிஸ்டர் சிறிது யோசித்துவிட்டு, வரிசையின் வலது ஓரத்தில் அவளை நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பக்கம் இடிப்பதற்கு யாரும் இல்லை. விளையாட்டு விழாவில் அவள் அங்கேதான் நடந்து வந்தாள். பெற்றோர் அமர்ந்திருந்த பந்தலுக்கு மிக அருகில் வந்தது அவளுடைய டிரம்தான்.