யானைக்கு முடி ஒட்டிய இன்ஜினியர்

மக்களே, திகில் படம் ஓடாத ஹாஸ்டல் உண்டா? அதுல ஒரு வகை உங்களுக்கே தெரியும். ஒரு கூட்டம் ஆளில்லாத இடத்துல மாட்டிக்கும், அங்க ஏதோ ஒண்ணு அவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். வெஸ் கிரேவன் 1977-ல எடுத்த 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' இந்த வகையில ரொம்பப் பிரபலம். நம்ம செஞ்சி மலைப் பாறைகளுக்கு நடுவுல சாயங்காலம் தனியா நடந்தவங்களுக்கு அந்தப் படம் இன்னும் கொஞ்சம் வயித்தைக் கலக்கும்.

அதுக்கு 25 வருஷம் முன்னாடியே சேலத்துக்காரர் ஒருத்தர் ஹாலிவுட்டோட சேர்ந்து ஒரு காட்டுத் திகில் படம் எடுத்துட்டார். அவர்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். இன்ஜினியரிங் படிச்சவர்.

1907-ல பிறந்தார். நூல் வியாபாரக் குடும்பம். அதனால இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துக்குப் போய் டெக்ஸ்டைல் படிச்சார். திரும்பி வந்து மில் வைப்பார்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. ஆனா அவர் சேலம் ஏஞ்சல் ஃபிலிம்ஸ்ல கூட்டாளியா சேர்ந்தார். அப்போ தமிழ்ப் படம் எடுக்கணும்னா நடிகர்களைக் கூட்டிக்கிட்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறணும். இந்த அலைச்சல் எதுக்குன்னு, 1935-ல சேலத்துலயே ஏற்காடு ரோட்டுல ஸ்டூடியோ கட்டிட்டார்.

அதை அவர் ஒரு மில் மாதிரியே நடத்தினார். நடிகர், எழுத்தாளர், டெக்னீஷியன்னு பலருக்கும் மாசச் சம்பளம். நேரத்துக்கு வரணும், பட்ஜெட்டைத் தாண்டக் கூடாது. கண்டிப்புக்குப் பேர்போனவர். அந்தக் கண்டிப்புல விளைஞ்சதைப் பாருங்க. 1938-ல 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். 1940-ல 'உத்தமபுத்திரன்', பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1950-ல கருணாநிதி வசனத்துல, எம்.ஜி.ஆர். நடிச்ச 'மந்திரி குமாரி'. 1956-ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள கலர் படம்.

இதுக்கு நடுவுல 1952-ல வந்ததுதான் 'தி ஜங்கிள்', தமிழ்ல 'காடு'. இயக்கினவர் அமெரிக்கர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரோமரோ, மேரி விண்ட்சர்னு ஹாலிவுட் நடிகர்களே வந்து நடிச்சாங்க. யானைகள் மிரண்டு ஊருக்குள்ள புகுந்து அழிக்குது. காரணம் தேடி ஒரு இளவரசியும் வேட்டைக்காரரும் காட்டுக்குள்ள போறாங்க. அங்க இருக்கிறது, அழிஞ்சே போச்சுன்னு நாம நினைக்கிற மாமூத்! கிராஃபிக்ஸ் இல்லாத காலம். மாமூத்துக்கு எங்க போறது? நிஜ யானைகளுக்கே முடிப் போர்வை போர்த்திட்டாங்க. இன்னைக்குப் பார்த்தா சிரிப்பு வரலாம். ஆனா கையில இருக்கிற பொருளை வச்சு வேலையை முடிக்கிறதுதானே நம்ம லேப்லயும் தினமும் நடக்குது?

1963-ல சுந்தரம் இறந்தப்போ வயசு 56. ஸ்டூடியோ இப்போ இல்லை, நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு ரோட்டுல நிக்குது.

ஃபைனல் இயர் நண்பர்களே, பிளேஸ்மென்ட்னு சொன்னாலே நமக்குச் சென்னையும் பெங்களூரும்தான் ஞாபகம் வருது. போறது தப்பில்லை, அவரும் லீட்ஸ் வரைக்கும் போனவர்தான். ஆனா படிச்சதை ஊருக்குக் கொண்டுவந்தார். ஹாலிவுட் அவரைத் தேடி சேலத்துக்கு வந்தது. செஞ்சிக்கு எதைக் கொண்டுவரலாம்னு நாமும் ஒரு தடவை உட்கார்ந்து யோசிப்போமா?