கோல்டிங்காம் துரையும் பீரங்கி ஓசையும்

பிள்ளையார்பட்டித் திருவிழாவில் வேட்டுப் போடுங்கால், தொலைவில் நிற்பார்க்கு ஒளி முன்னும் ஓசை பின்னுமாக வந்து சேர்தலை யாம் இளமையிற் பலகாற் கண்டுள்ளோம். அவ்விடைப்பொழுதை எண்ணி ஓசையின் விரைவைக் கணித்தவருள் ஒருவர் ஜான் கோல்டிங்காம். அவர் வரலாற்றிற் சிறிது ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவர் கும்பினியாரின் வானநூற் புலவர். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த நட்சத்திர சாலையில் டாப்பிங் துரைக்குத் துணைவராயிருந்து, அவர் 1796-இல் மறைந்தபின் அப்பதவியை எய்தினார். இந்நாளில் இராஜாஜி மண்டபம் என வழங்கும் கட்டடமும் இவர் வகுத்ததே. மாந்தர் அதனைக் கண்டு வியப்பர், வகுத்தவர் பெயரை அறியார். 1802-இல் சென்னையின் தீர்க்காம்சத்தை இவர் வரையறுத்தார். சென்னை நேரம் என ஒருகாலத்து வழங்கியது அதனடியாகப் பிறந்தது.

1820, 1821 ஆம் ஆண்டுகளில் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளைச் சாலையினின்று நோக்கினார். மலை ஏறத்தாழ 29,500 அடித் தொலைவினது. கோட்டை 13,900 அடியினது. தீப்பிழம்பு தோன்றியது முதல் முழக்கம் செவிப்படும்வரை கடிகாரத்தின் துடிப்புக்களை எண்ணுவர். அக்கடிகாரம் 40 விநாடிக்கு 100 முறை துடிப்பது. மலை முழக்கம் வர ஏறத்தாழ 65 துடிப்பாகும். கோட்டை முழக்கத்துக்கு 30 துடிப்பே.

ஈண்டுத்தான் இடர் உண்டு. துடிப்பிரண்டன் நடுவே ஓசை விழின் முழுவெண்ணாகவே குறித்தல் வேண்டும். ஒரு துடிப்புப் பிழைப்பின் மலைக்கணக்கில் விநாடிக்கு 17 அடியும், கோட்டைக்கணக்கில் 37 அடியும் மாறுபடும். வெம்மைக்கும் குளிர்க்கும் இடையே இவர் நாடிய வேற்றுமையோ சில பத்தடியே! ஆதலின் பன்னாள் நோக்கி, மாதந்தோறும் சராசரி கண்டார். முன்பின்னாகச் சிதறும் பிழை சராசரியிற் கரையும். கடிகாரமே ஓயாது விரைந்தோடின் எத்துணைப் பீரங்கி சுட்டும் அப்பிழை நீங்காது. அதனை விண்மீன் கொண்டே திருத்துதல் வேண்டும். அவ்வகையில் நட்சத்திர சாலையினும் தக்க இடம் யாது?

இக்காலத்தே இலக்கமாக அளவு காட்டும் உணர்கருவிகள் பலவும் இங்ஙனமே துடிப்பெண்ணுவன. அவற்றுட் பலவற்றில் அதிரும் படிகமே கடிகாரம். அதன் அதிர்வு நடுங்கின் காட்டும் எண்ணும் நடுங்கும். எண்ணும் பொழுதை நீட்டினால் அந்நடுக்கம் தணியும். படிகம் வெம்மையால் நிலைபெயர்ந்தால் தணியாது.

கோல்டிங்காமின் கட்டுரை 1823-இல் இலண்டன் ராயல் சங்கத்தார் வெளியீட்டில் வந்தது. அவர் 1830-இல் ஓய்வுற்று, 1849-இல் காலமாயினார். பழைய கருவியைத் தாங்கிய கருங்கற்றூண் நுங்கம்பாக்கத்து வானிலை நிலைய வளவில் இன்றும் நிற்கின்றது.