எழுத்தைச் சுமந்து விற்றவர்

எழுத்தால் வாழ முயன்றோர் தமிழில் பலர். எழுத்து வாழ்வதற்காகத் தாம் தேய்ந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் சி.சு. செல்லப்பா.

1912இல் பிறந்த அவர், 'மணிக்கொடி' மரபில் சிறுகதை ஆசிரியராக மலர்ந்தார். வணிக இதழ்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1959 சனவரியில் சென்னையிலிருந்து 'எழுத்து' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். திறனாய்வும் புதுக்கவிதையும் அதன் இரு கண்கள். முதலீடோ, பணியாளர் படையோ இல்லை. ஆசிரியர், பதிப்பாளர், விற்பனையாளர் மூவரும் அவரே.

வாசகர் தேடி வரட்டும் என அவர் காத்திருக்கவில்லை. நூல்களை மூட்டையாகக் கட்டிக் கல்லூரிகளுக்குச் சுமந்து சென்று விற்றார். இதழோடு மறையவிருந்த கவிதைகளை நூலாக்கியும் காத்தார். 24 கவிஞரின் 63 கவிதைகள் கொண்ட 'புதுக்குரல்கள்' 1962இல் வெளிவந்தது.

119 இதழ்களுக்குப் பின் 1970இல் 'எழுத்து' நின்றது. வரவு செலவு நோக்கில் அது இழப்பே. ஆயினும் ந. பிச்சமூர்த்தி, பிரமிள், சி. மணி முதலியோரின் கவிதைகளுக்குக் களமாகிப் புதுக்கவிதையை நிலைபெறச் செய்தது அவ்விழப்பே.

முதுமையிலும் அவர் தளரவில்லை. 'சுதந்திர தாகம்' என்னும் பெருநாவலை மூன்று பாகங்களாகத் தாமே பதிப்பித்தார். 1998இல் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிட்டியது 2001இல்.

சிறு பதிப்பு முயற்சியில் இறங்குவோர் அவரிடம் கற்கத்தக்கவை மூன்று: அளவிற் சிறுமை இழிவன்று, வாசகரை நாடிச் செல்வது தாழ்வன்று, விலைபோகாமை தோல்வியன்று. மூன்றாவதற்கு அவர் தந்த விலை மட்டும் மிகப் பெரிது. அவ்விலையைத் தனியொருவர் தோளிலேயே ஏற்றிவிட்டுப் பின்னர்ப் பாராட்டுதல் தமிழுலகிற்கு அழகாகாது.