வாவிக்கரை தந்த யாழ் முனிவர்

சென்ற ஆண்டு வைகாசித் திங்களில், கனடா நாட்டில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். கல்லடிப் பாலத்தருகே மாலைப் பொழுதில் இருவரும் உலாவிக் கொண்டிருந்தோம். பேச்சிடையே அவர் தம் மனத்திலிருந்த கவலையொன்றை வெளியிட்டார். தம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலே சிந்திக்கின்றனர். வீட்டிலே தமிழ் பேசுகின்றனர். தாங்கள் யார் என்று அவர்கள் கேட்கும்போது தாம் யாது விடை கூறுவது என்று வினவினார். தமிழாசிரியனாகிய எனக்கு அப்பொழுது தக்க விடை வாய்க்கவில்லை. வீடு திரும்பும் வழியில், வாவியின் மறுகரையிலே சிவானந்த வித்தியாலய வளவில் துயிலும் பெரியார் ஒருவரின் நினைவு எழுந்தது. அவருடைய வாழ்க்கையே அவ்வினாவுக்கு விடையாக அமைந்திருத்தலை அன்றிரவு உணர்ந்தேன். அவ்வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்முனையை அடுத்து, கிழக்கிற் கடலும் மேற்கில் வயலுமாக விளங்குவது காரைதீவு என்னும் பழம்பதி. அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிற் பிரிக்கப்படும் வரையில் அவ்வூர் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அங்கே 1892ஆம் ஆண்டில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாகத் தோன்றியவர் மயில்வாகனனார். பின்னாளில் உலகம் அவரை விபுலாநந்த அடிகள் என்று அறிந்தது.

காரைதீவு கண்ணகி கோயில் கொண்ட ஊர். சோழநாட்டிற் பிறந்து, மதுரையில் வழக்குரைத்து, சேரநாட்டில் தெய்வமான அப்பத்தினி கீழ்க்கரை மக்களுக்கு ஏட்டிலே மட்டும் வாழ்பவள் அல்லள். வைகாசி தோறும் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி செய்து வழிபடப்பெறும் தாய் அவள். எழுத்தறியாத உழவனும் கோவலன் கதையை அறிந்திருக்கும் ஊரிலே வளர்ந்த சிறுவன் பிற்காலத்திற் சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்தமை வியப்பன்று. அதனை அவர் புத்தகத்தில் முதன்முதற் கண்டவர் அல்லர். கோயில் வாசலிலே கேட்டவர்.

ஆயினும் காலம் அவரை வேறொரு திசையில் அழைத்தது. ஆங்கிலங் கற்றவர்க்கே உத்தியோகமும் மதிப்பும் உண்டென்ற காலம் அது. கல்முனையில் மெதடிஸ்த திருச்சபையாரின் பாடசாலையிலும், மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவியர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றார். பதினாறாம் வயதில், 1908ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விற் சித்தியெய்தினார். சைவக் குடும்பத்துப் பிள்ளை, கிறித்தவத் துறவியரிடத்தே ஆங்கிலமும் கணிதமும் கற்றான். அவர்கள் தந்த அறிவை நன்றியோடு ஏற்றான். தன் வீட்டு வழிபாட்டையும் விட்டிலன். பிறரிடம் பெற்றுக்கொள்வதனால் தன்னை இழக்க வேண்டுவதில்லை என்னும் பாடத்தை அவர் இளமையிலேயே கற்றார் எனலாம்.

பின்னர்க் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியற் கல்வி. 1916ஆம் ஆண்டு அவர் வாழ்விற் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் அறிவியல் டிப்ளோமாவும் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் வென்றார். இலங்கையில் இருந்து அத்தேர்வில் தேறியவருள் அவரே முதல்வர் என்பர். ஒரு கையில் சோதனைக் குழாயும் மறு கையில் ஓலைச்சுவடியும் ஏந்திய இளைஞர் அக்காலத்தில் மிக அரியர். ஆங்கிலங் கற்றோர் பண்டிதரைப் பழமை பேசுவோர் என்று இகழ்ந்தனர். பண்டிதரோ ஆங்கிலங் கற்றோரை வேரற்ற மரமெனக் கருதினர். மயில்வாகனனார் இருசாராருள்ளும் ஒருவராகவே விளங்கினார்.

யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகவும், லண்டன் பல்கலைக்கழகத்துப் பி.எஸ்ஸி. பட்டதாரியாகவும், 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியராகவும் உயர்ந்த அவருக்கு உலகியல் வாழ்வின் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. அவரோ 1922ஆம் ஆண்டில் அவற்றை நீங்கி, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்ற பிரமசரிய நாமம் பெற்று, 1924ஆம் ஆண்டில் சிவானந்த சுவாமிகளிடம் துறவேற்று விபுலாநந்தர் ஆனார்.

இங்கு ஒன்று சிந்திக்கற்பாலது. துறவு என்பது ஊர், பெயர், குலம் எல்லாவற்றையும் களைதல். மயில்வாகனன் என்ற பெயரையும் அவர் களைந்தார். ஆனால் தமிழைக் களைந்தாரல்லர். மடத்திலிருந்தே இராமகிருஷ்ண விஜயம் என்ற தமிழ் இதழையும் வேதாந்த கேசரி என்ற ஆங்கில இதழையும் நடத்தினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்த மதங்கசூளாமணி என்ற நூலும் அவருடையதே. துறவியானவர் எதனைத் துறக்கவில்லை என்பதைக் கொண்டு அவருடைய உள்ளத்தை நாம் அளந்தறியலாம்.

1925ஆம் ஆண்டில் இலங்கைக்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பை மேற்கொண்டார். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையிலே 1929ஆம் ஆண்டில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தாம் அயலாரிடத்துப் பெற்ற அறிவியற் கல்வியைத் தம்மூர்ப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே பெற வேண்டும் என்பது அவர் கருத்து. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். அங்கும் பகலிற் பல்கலைக்கழக வகுப்பு. மாலையில் அருகிலுள்ள திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலே எழுத்தறிவித்தல். பேராசிரியர் பதவியும் சேரிப் பிள்ளையின் கைபிடித்து எழுதுவித்தலும் அவருக்கு ஒரே பணியின் இரு கூறுகள்.

1936ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட கலைச்சொற் பட்டியல் 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறிவியலைத் தமிழில் எடுத்துரைக்க இயலாது என்றார்க்கு, அறிவியலும் தமிழும் ஒருங்கறிந்தவர் அளித்த விடை அது.

அடிகளாரின் பெரும்பணி யாழ்நூல். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அதனை மீட்டுவோரும் இலர், கேட்டோரும் இலர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இலக்கணங் கூறும் சில அடிகளும், பழைய உரைகளுமே எஞ்சியிருந்தன. உரை காண்போர் பலரும் அவ்விடத்தை மெல்லக் கடந்து செல்வர். அடிகளார் கடக்கவில்லை. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் அதே சுரம் ஒரு நிலை உயர்ந்து ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கின் இளி தோன்றும். இது பௌதிகங் கற்றோர் அறிந்த உண்மை. இந்தக் கணக்கைத் துணையாகக் கொண்டு பாலைகளின் பிறப்பையும் பண்களின் அமைப்பையும் தேவாரப் பண்களையும் அவர் ஆராய்ந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பன மீண்டும் உருப்பெற்றன. கொழும்பிற் கற்ற அறிவியல் இல்லாதிருப்பின் அந்நூல் தோன்றியிராது. காரைதீவில் கேட்ட கண்ணகி கதை இல்லாதிருப்பின் அந்நூலை எழுதும் ஆசையே தோன்றியிராது.

பல்லாண்டு உழைப்பு அது. அதனிடையே இமயமலையின் மாயாவதி ஆசிரமத்திற் பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராகவும், 1943ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றினார். உடல் நலிந்தது, ஆராய்ச்சி நிற்கவில்லை. 1947ஆம் ஆண்டு சூன் 5, 6ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. வெள்ளத்தில் ஓடம் செலுத்துவோர் இன்றி, சம்பந்தர் பதிகத்தின் துணையால் ஓடம் கரைசேர்ந்ததாகப் புராணங் கூறும் தலம் அது. அதன்பின் ஆறு வாரங்களே அடிகளார் வாழ்ந்தார். சூலைத் திங்கள் 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். அவர் திருவுடல் கல்லடிக்குக் கொணரப்பெற்றுச் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கஞ் செய்யப்பெற்றது.

யாழ்நூலின் முடிபுகளுட் சிலவற்றைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஏற்காதிருத்தல் கூடும். அது ஆராய்ச்சியின் இயல்பு. மறைந்த இசையை மொழியறிவும் கணக்கறிவும் கூடித் தேட வேண்டும் என்ற வழியைக் காட்டியமை அவருக்கே உரிய பெருமை. இன்று கல்லடியில் அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இளைஞர் இசையும் நடனமும் பயில்கின்றனர்.

மட்டக்களப்பு வாவியிலே நிலவு நாளில் நீரினின்றும் ஓர் ஒலி எழும் என்பர். மீன் பாடுகின்றது என்பது ஊரார் வழக்கு. அடிகளார் அவ்வொலியை நீரரமகளிரின் இன்னிசையாகக் கொண்டு ஒரு பாடல் இயற்றினார். வாவியின் நீர் இனிப்பும் உவர்ப்பும் கலந்தது. மாரியில் ஆற்றுநீர் பெருகும். முகத்துவாரம் திறந்தவழிக் கடல்நீர் புகும். அது கடலும் அன்று, ஆறும் அன்று என்று யாரும் அதனை இகழ்வதில்லை. இருநீரும் கலந்தமையாலேயே அதற்குத் தனிச்சுவையும் தனி வளமும் உண்டாயின.

என் மாணவருக்கு நேற்று மடல் எழுதினேன். பிள்ளைகள் ஆங்கிலத்தை நன்கு கற்கட்டும். அதனால் தமிழுக்கு இழுக்கில்லை. வீட்டில் ஒலிக்கும் தமிழும் வைகாசிக் குளிர்த்தியின் கதையும் அவர்கள் செவியில் விழுந்துகொண்டே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுதலே உம் கடமை என்று எழுதினேன். தாங்கள் யார் என்று அவர்கள் மீண்டும் வினவினால், காரைதீவு மயில்வாகனனார் கதையைச் சொல்லுமாறும் அதில் வேண்டிக்கொண்டேன்.