மூச்சை அளந்த டாக்டர்

காசநோய்க்கு இன்று மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும்.

150 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. நோய் வெளியே தெரியும்போது நுரையீரல் பாதி அரித்துப் போயிருக்கும். டாக்டர்கள் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார்கள். அதற்குமேல் வழி கிடையாது.

அந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தவர் ஜான் ஹட்சின்சன்.

இவர் 1811-ம் ஆண்டு, இங்கிலாந்தில் நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசில் நகருக்கு அருகே ரைட்டன் என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் டாக்டருக்குப் படித்தார். பிரிட்டானியா என்ற ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியில் டாக்டராக வேலை பார்த்தார்.

பாலிசி எடுக்க வருகிறவர் நல்ல உடல்நிலையில் இருக்கிறாரா, இல்லையா? கம்பெனிக்கு இது பணப் பிரச்சினை. வந்தவருக்கோ உயிர்ப் பிரச்சினை!

தண்ணீரில் மிதந்த மணி

ஹட்சின்சன் ஒரு கருவி செய்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பாத்திரத்தை மணி போலக் கவிழ்த்து வைத்தார். கப்பியில் கயிறு போட்டு, மறுபக்கம் எடைக்கல் கட்டினார். மூச்சை முழுவதும் இழுத்துக்கொண்டு குழாயில் ஊதினால், காற்று தண்ணீருக்குள் போய்ப் பாத்திரத்தை மேலே தூக்கும். எவ்வளவு உயர்ந்தது என்பதை அளவுகோல் காட்டிவிடும். இதுதான் ஸ்பைரோமீட்டர்.

ஊதுகிறவர் நிமிர்ந்து நிற்கவேண்டும். இறுக்கமான சட்டையைத் தளர்த்திவிட வேண்டும். அப்படி ஒருவர் வெளியே விடக்கூடிய முழுக் காற்றுக்கு, வைட்டல் கபாசிட்டி (உயிர்த்திறன்) என்று பெயர் வைத்தார்.

மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், அச்சுக் கோப்பவர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழை விடுதியில் இருந்தவர்கள், கனவான்கள், குள்ளர்கள் என்று 2,130 பேரை ஊதச் சொன்னார். 1846-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்.

5 அடி உயரமுள்ள ஆண் சுமார் 174 கன அங்குலம் (2.8 லிட்டர்) காற்றை ஊதினார். அதற்குமேல் ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் 8 கன அங்குலம் கூடியது. 30 வயதுக்குமேல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கன அங்குலம் குறைந்தது.

மார்பின் சுற்றளவுக்கும் இந்தக் காற்றின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதுதான் பெரிய ஆச்சரியம். அகன்ற மார்பு இருந்தால் நல்ல நுரையீரல் என்று நம்புகிறோமே, அது சரியல்ல! நம் நாட்டில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இன்றும் டேப் வைத்து மார்பை அளக்கிறார்கள்.

ராட்சதனின் மூச்சு

1842-ல் அமெரிக்காவில் இருந்து ப்ரீமேன் என்ற குத்துச்சண்டை வீரர் வந்தார். உயரம் ஏறத்தாழ 7 அடி. அவர் ஊதிய காற்று 434 கன அங்குலம். அதாவது 7 லிட்டருக்குமேல். 2 ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னபோது அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. 1845-ல் அந்த ராட்சத மனிதர் காசநோயால் இறந்துபோனார்.

கருவி சொன்னது பலித்துவிட்டது. ஆனால் ப்ரீமேனுக்கு அதனால் என்ன பயன்? காசநோயைக் குணப்படுத்தும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான். அதுவரை, முன்கூட்டியே தெரிந்துகொண்டவருக்கு பாலிசி கிடைக்காமல் போகுமே தவிர, உயிர் கிடைக்காது.

ஸ்பைரோமீட்டர் இப்போது கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. 1947-ல் பிரான்ஸ் நாட்டு டிப்னோ, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அளக்கும் முறையைச் சேர்த்தார். ஆஸ்துமாக்காரர்களையும், பஞ்சுத் தூசியிலும் கல் தூசியிலும் வேலை செய்கிற தொழிலாளர்களையும் இந்த முறையில்தான் சோதிக்கிறார்கள். இழப்பு நாளாக ஆகத்தான் தெரியும் என்பதால், ஆண்டுதோறும் ஊதிப் பார்த்து, முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். ப்ரீமேனுக்கு ஹட்சின்சன் செய்தது அதுதான்.

ஹட்சின்சன் லண்டனில் நிலைத்து இருக்கவில்லை. 1852-ல், மனைவியையும் பிள்ளைகளையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். விக்டோரியாவில் தங்கம் கிடைத்த பகுதிக்குப் போனார். பிறகு அங்கிருந்து பிஜி தீவுக்குச் சென்றார். 1861-ம் ஆண்டு ஜூலை மாதம் பிஜியிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 50.